செப்சிஸ்: கிருமி சிறுநீரகத்தில், படுத்தது இதயம். ஏன்?

#1 வராந்தாவாசி

வணக்கம். நான் மருத்துவத் துறை ஆள் இல்லை, கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். தப்பாக ஏதாவது சொன்னால் திருத்துங்கள்.

போன மாதம் அப்பாவுக்குச் சிறுநீர்த் தொற்று. குளிர் நடுக்கத்தோடு ஆரம்பித்தது. மறுநாள் காலை பேச்சு குழறியது, பிபி 80-க்குக் கீழே. ஐசியுவில் சேர்த்தார்கள், "செப்டிக் ஷாக்" என்றார்கள். தொற்றால் உறுப்புகள் பாதிக்கப்படுவது செப்சிஸ், அதில் பிபியும் விழுந்தால் செப்டிக் ஷாக் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். மூன்றாம் நாள் எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்துவிட்டு டாக்டர் சொன்னார்: "ஹார்ட் 30 சதவீதம்தான் பம்ப் பண்ணுது." அப்பாவுக்கு வயது 68. இதயத்தில் இதுவரை ஒரு குறையும் இருந்ததில்லை. நாலு மாதம் முன்பு குடலிறக்க ஆபரேஷனுக்காக எடுத்த எக்கோவில் 60 என்று இருக்கிறது. அந்தத் தாள் இப்போதும் என் பையில்தான் கிடக்கிறது.

மாரடைப்பா என்று கேட்டேன். "ஈசிஜி அப்படிக் காட்டல. ட்ரோபோனின் (இதயத்தசை அடிபட்டா ரத்தத்துல ஏறுற புரதம்) கொஞ்சம் ஏறியிருக்கு, ஆனா அடைப்பு மாதிரி இல்ல. செப்சிஸ் பண்ற வேலை" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அவரைக் குறை சொல்லவில்லை. அன்றைக்கு அங்கே இருந்த நிலவரம் அப்படி.

பன்னிரண்டாம் நாள் மறுபடி எக்கோ. 55!

அப்பா இப்போது வீட்டில் நடமாடுகிறார், வழக்கம்போல என்னைத் திட்டுகிறார். எனக்குத்தான் மண்டை குடைகிறது. கிருமி இருந்தது சிறுநீரகத்தில். இதயத்தில் கிருமியும் இல்லை, அடைப்பும் இல்லை. அப்புறம் இதயம் ஏன் படுத்தது? படுத்தது எப்படி எழுந்தது? செத்த தசை திரும்பி வராது என்றுதானே கேள்விப்பட்டிருக்கிறோம்?

#2 இரவுப்பணி

ஐசியுவில் வேலை பார்க்கிறேன். உங்கள் கடைசிக் கேள்விக்குள்ளேயே பதில் இருக்கிறது. செத்த தசை வராது. வந்துவிட்டது என்றால் அது சாகவே இல்லை.

முதலில் அந்த 30. இப்படிச் சொல்லி நாங்களே ஜனங்களைப் பயமுறுத்துகிறோம். இடது கீழறை நிரம்பியிருக்கும்போது உள்ளே இருக்கிற ரத்தத்தில், ஒரு துடிப்புக்கு எவ்வளவு பங்கு வெளியே போகிறது என்பதுதான் இ.எஃப். நல்ல இதயத்துக்கே 55 முதல் 70 வரைதான். 100 யாருக்கும் கிடையாது. ஆக, 30 என்பது ஏறக்குறைய பாதியாகக் குறைந்த நிலை. மோசம்தான், ஆனால் 70 சதவீதம் போய்விட்டது என்று பொருள் இல்லை.

1984-இல் அமெரிக்காவின் தேசிய சுகாதாரக் கழகத்தில் செப்டிக் ஷாக் வந்த 20 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். பாதிப் பேருக்கு இ.எஃப் 40-க்குக் கீழே. அதுவரை இந்த ஷாக்கில் இதயம் நன்றாகத்தான் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். காரணம், ஒரு நிமிடத்துக்கு வெளியேறும் மொத்த ரத்தம் குறைவதில்லை. ரத்தக்குழாய்கள் தளர்ந்து கிடப்பதால் எதிர்ப்பே இல்லை, பலவீனமான பம்ப்பும் சமாளித்துவிடும். போதாக்குறைக்கு வேகமாகவும் துடிக்கிறது. பிழைத்தவர்களுக்கு 7 முதல் 10 நாளில் இ.எஃப் பழைய நிலைக்கு வந்தது. உங்கள் அப்பாவின் பன்னிரண்டாம் நாள் இதே வரிசைதான்.

இன்னொன்றும் பார்த்தார்கள். பிழைத்த 13 பேரில் 10 பேருக்கு ஆரம்பத்தில் இ.எஃப் 40-க்குக் கீழே. இறந்த 7 பேரில் ஒருவருக்குக்கூட அப்படி இல்லை. தலைகீழாகத் தெரிகிறது, இல்லையா? இதைப் பற்றி நாற்பது வருடமாகச் சண்டை ஓய்ந்தபாடில்லை. இந்த இழையிலும் வரும், பாருங்கள்.

#3 குறுக்குக்கேள்வி

நான் பொறியாளர், உடம்பு பற்றி அரைகுறை. எளிமையான விளக்கம் இருக்கும்போது எதற்குச் சுற்றி வளைக்க வேண்டும்? பிபி 80-க்குக் கீழே. இதயத்தசைக்கே ரத்தம் போதவில்லை. தசை தளர்ந்தது. பிபி சரியானதும் எழுந்தது. முடிந்தது கதை.

#4 இரவுப்பணி

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான், பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அளந்து பார்த்ததும் அடிபட்டுப் போனது. இதயத்தசைக்குப் போன ரத்தம் திரும்பி வருகிற சிரை ஒன்று இருக்கிறது. அதற்குள் குழாய் விட்டு 1986-இல் அளந்தார்கள். செப்டிக் ஷாக் நோயாளிகளின் இதயத்தசைக்குப் போகும் ரத்தம் குறையவில்லை, சிலருக்கு வழக்கத்தைவிடக் கூடுதல். இ.எஃப் இறங்கியவர்களுக்கும் அதே நிலைதான்.

ஏற்கெனவே அடைப்பு உள்ளவருக்கு நீங்கள் சொல்வது நடக்கலாம். ஆனால் பொதுவான காரணம் அது இல்லை. சாப்பாடு தட்டில் இருக்கிறது, தசைதான் சாப்பிட மாட்டேன் என்கிறது.

#5 செல்லுக்குள்

ஆய்வகத்தில் இதயத்தசைச் செல்களோடு குப்பை கொட்டுகிறவன் என்பதால் நானும் நுழைகிறேன்.

பிறந்த எலிக்குட்டியின் இதயத்திலிருந்து செல்களைப் பிரித்துத் தட்டில் வளர்த்தால், ஓரிரு நாளில் அவை தாமாகத் துடிக்க ஆரம்பிக்கும். முதல் தடவை பார்க்கிறவர்கள் நுண்ணோக்கியை விட்டு நகரவே மாட்டார்கள். ஒரு மூலையில் ஒரு செல் சுருங்கும், பக்கத்துச் செல் அதைப் பிடித்துக்கொள்ளும், கொஞ்ச நேரத்தில் தட்டு முழுக்க ஒரே தாளம். அதில் கிருமியின் சுவர்த்துணுக்கைக் கலந்து சில மணி நேரம் கழித்துப் பாருங்கள். செல்கள் உயிரோடுதான் இருக்கும், துடிப்பும் இருக்கும். ஆனால் சுருக்கம் குட்டையாகிவிடும். முன்பு விளிம்பு நன்றாக உள்ளிழுக்கும், இப்போது லேசாக அசைந்துவிட்டு நிற்கும். எனக்கு அது மனசில்லாமல் வேலை செய்கிற ஆளைத்தான் ஞாபகப்படுத்தும்.

1985-இல் இதே மாதிரிச் செல்கள் மேல் செப்டிக் ஷாக் நோயாளிகளின் சீரத்தை (ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியை) ஊற்றினார்கள். நோய் உச்சத்தில் எடுத்த சீரம் பட்டதும் சுருக்கம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அதே ஆள் குணமான பிறகு எடுத்த சீரத்தில் ஒன்றும் ஆகவில்லை. ஆக, ரத்தத்தில் ஏதோ சுற்றிக்கொண்டிருக்கிறது. அதற்கு ஒரு பெயர் வைத்தார்களே தவிர, அது என்ன பொருள் என்று பிடிபட இன்னும் பத்து வருடம் ஆனது. 1996-இல் அந்தச் சீரத்திலிருந்து டிஎன்எஃப்-ஆல்ஃபா, ஐஎல்-1 பீட்டா என்ற இரண்டு சைட்டோகைன்களையும் வடிகட்டி எடுத்தார்கள். சீரத்தின் வேலை நின்றுபோனது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் மிகக் குறைந்த அளவே போதும் என்றும் தெரிந்தது.

சைட்டோகைன் கிருமியிடமிருந்து வருவதில்லை. நம் வெள்ளணுக்கள் ஒன்றுக்கொன்று அனுப்புகிற தாக்கீது. வராந்தாவாசி கேட்டதற்கு இதுதான் சுருக்கமான பதில்: உங்கள் அப்பாவின் இதயத்தைக் கிருமி தொடவில்லை, அவருடைய காவல்படையின் தகவல்தொடர்புதான் தொட்டது.

#6 வராந்தாவாசி

இரண்டு தடவை படித்தேன். காவல்படை பேசிக்கொள்வது இதயத்துக்கு எதற்குக் கேட்க வேண்டும்?

#7 செல்லுக்குள்

நல்ல கேள்வி. இதயத்தசைச் செல்லுக்கும் காது இருக்கிறது என்பதுதான் விஷயம்.

சில பாக்டீரியாக்களின் வெளிச்சுவரில் எல்பிஎஸ் என்ற கொழுப்புச் சர்க்கரைப் பொருள் உண்டு. சிறுநீர்த் தொற்றில் அடிக்கடி வரும் ஈ.கோலை அந்தச் சாதி. எல்பிஎஸ்ஸை மோப்பம் பிடிக்கிற உணர்வி டிஎல்ஆர்4. இதைக் கண்டுபிடித்த கதையே தனி ருசி. எவ்வளவு எல்பிஎஸ் ஊசி போட்டாலும் அசையாத ஒரு எலி வம்சம் இருந்தது. அவற்றுக்கு எந்த மரபணு கெட்டிருக்கிறது என்று வருடக்கணக்கில் தேடிய புரூஸ் பாய்ட்லரின் குழு 1998-இல் டிஎல்ஆர்4-இல் வந்து நின்றது. பழ ஈக்களில் இதற்கு இணையானதை ஜூல்ஸ் ஹாஃப்மன் குழு முன்பே காட்டியிருந்தது. இருவருக்கும் 2011 நோபல் பரிசில் பங்கு.

டிஎல்ஆர்4 எல்பிஎஸ்ஸைப் பிடித்ததும் செல்லுக்குள் சங்கிலி ஓடும், கடைசியில் என்எஃப்-கப்பா-பி என்ற புரதம் உட்கருவுக்குள் போய் அழற்சி மரபணுக்களைத் தட்டி எழுப்பும். டிஎன்எஃப், ஐஎல்-1, ஐஎல்-6 எல்லாம் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. இந்த உணர்வி வெள்ளணுவிலும் உண்டு, இதயத்தசைச் செல்லிலும் உண்டு.

யாருடைய காது முக்கியம்? எலும்பு மஜ்ஜையை மாற்றிவைத்த எலிகளில் 2004-இல் சோதித்தார்கள். வெள்ளணுக்களில் டிஎல்ஆர்4 இல்லாமல், இதயத்தசையில் மட்டும் இருந்தபோது, எல்பிஎஸ் கொடுத்தும் தசைச் செல் தளரவில்லை. வெள்ளணுக்களில் மட்டும் இருந்தால் தளர்ந்தது. அதாவது இதயம் பெரும்பாலும் கிருமியை நேரில் கேட்பதில்லை, வெள்ளணு போடுகிற சத்தத்தைத்தான் கேட்கிறது. தட்டில் தனியாக வளர்க்கும் செல்கள் நேரடியாகவும் எதிர்வினை காட்டும், அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் #5-ஐக் காட்டி யாராவது மடக்குவீர்கள்.

#8 மேல்படிப்பு

எம்டி முதல் வருடம். தேர்வுக்காகக் கேட்கிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை. சைட்டோகைன் வந்து செல்லின் கதவைத் தட்டியது வரை சரி. சுருக்கம் எப்படிக் குறைகிறது? புத்தகத்தில் "நைட்ரிக் ஆக்சைடு, கால்சியம், மைட்டோகாண்ட்ரியா" என்று ஒரே வரியில் தள்ளிவிட்டிருக்கிறார்கள்.

#9 செல்லுக்குள்

தசை சுருங்குவது கால்சியத்தால். ஒவ்வொரு துடிப்புக்கும் வெளியிலிருந்து கொஞ்சம் கால்சியம் செல்லுக்குள் நுழையும். அது உள்ளே இருக்கிற கிடங்கின் மதகைத் திறக்கும். கிடங்கிலிருந்து நிறையக் கால்சியம் கொட்டும், தசையிழைகள் அதைப் பிடித்துக்கொண்டு சுருங்கும். பிறகு செர்கா என்ற பம்ப் அதில் பெரும்பகுதியைக் கிடங்குக்கு இறைக்க வேண்டும். ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை இந்த ஏற்றமும் இறக்கமும்.

செப்சிஸில் இதில் எல்லா இடமும் கொஞ்சம் கொஞ்சம் பழுதாகிறது. வெளிவாசலில் வரும் கால்சியம் குறையும். மதகு சரியாக மூடாமல் கசியும். செர்கா சோம்பும், கிடங்கு நிறையாது, அடுத்த துடிப்புக்குக் கொட்ட ஒன்றும் இருக்காது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

ரத்தக்குழாயைத் தளர்த்தும் வாயுவான நைட்ரிக் ஆக்சைடு இரண்டு கட்டமாக வரும். டிஎன்எஃப் பட்ட சில நிமிடங்களிலேயே சுருக்கம் குறைவதை ஹாம்ஸ்டரின் இதயத்தசைத் துணுக்கில் 1992-இல் காட்டினார்கள், நைட்ரிக் ஆக்சைடு உற்பத்தியைத் தடுத்ததும் அந்த விளைவு போய்விட்டது. அது முதல் கட்டம். சில மணி நேரத்துக்குப் பின் ஐநாஸ் என்ற நொதியைச் செல் புதிதாகச் செய்துகொள்ளும். அது கட்டுப்பாடில்லாமல் நைட்ரிக் ஆக்சைடைக் கொட்டும். விளைவு: தசையிழையில் உள்ள ட்ரோபோனின் ஐ (Troponin I) என்ற புரதம் மாற்றமடைந்து, கிடைக்கிற கால்சியத்துக்கும் முன்பு மாதிரி மதிப்புக் கொடுக்காது. மீதி நைட்ரிக் ஆக்சைடு சூப்பர்ஆக்சைடோடு சேர்ந்து பெராக்ஸிநைட்ரைட் என்ற நச்சாகி, செல்லுக்கு எரிபொருள் செய்யும் மைட்டோகாண்ட்ரியாவைக் கடிக்கும்.

நெஞ்சுவலிக்காரர்கள் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்கிற மாத்திரையும் நைட்ரிக் ஆக்சைடு மூலமாகத்தான் வேலை செய்கிறது. குழாயைத் தளர்த்த அளவாகக் கொடுத்தால் மருந்து. செல்லுக்குள்ளேயே ஊற்றெடுத்தால் இந்தக் கதி.

காம்ப்ளிமென்ட் சி5ஏ என்ற எதிர்ப்புப் புரதத் துணுக்கு, வெள்ளணுக்கள் வலை மாதிரி வீசி எறிகிற டிஎன்ஏ, அதிலிருந்து கழலும் ஹிஸ்டோன் புரதம் இவையெல்லாம்கூட இதயத்தசையைப் பதம் பார்க்கின்றன. அதற்கெல்லாம் தனி இழைதான் வேண்டும்.

#10 ஐசியுஅக்கா

பதினாறு வருஷமா ஐசியு நர்ஸ். நீங்க எல்லாம் செல்லுக்குள்ள இருக்கீங்க, நான் கட்டிலுக்குப் பக்கத்துல இருந்து சொல்றேன்.

ஆரம்பத்துல செப்டிக் ஷாக் பேஷண்ட் கையைத் தொட்டா சுடும். உள்ளங்கை சிவந்து இருக்கும், நாடி படபடன்னு நல்லா தட்டும். பிபி மட்டும் இருக்காது. புதுசா வர்ற பிள்ளைங்க கை சூட்டைப் பார்த்துட்டு "நல்லாதானே இருக்காங்க"ம்பாங்க. அப்ப நான் முழங்காலைப் பாருன்னு சொல்வேன். முழங்கால்ல திட்டுத் திட்டா ஊதா படர ஆரம்பிச்சிருந்தா நல்லா இல்லைன்னு அர்த்தம்.

அப்புறம் விரல் நுனி. அழுத்திப் பிடிச்சு 10 செகண்ட் எண்ணி விடணும். 3 செகண்டுக்குள்ள ரத்தம் திரும்பி வரலைன்னா டாக்டரைக் கூப்பிடுவேன். லாக்டேட் (ரத்த ஓட்டம் போதாதப்ப ரத்தத்துல ஏறுற பொருள்) டெஸ்ட் வேணாம்னு சொல்லல. ஆனா லாக்டேட் ரிப்போர்ட் வர்றதுக்குள்ள நான் விரலை நாலு தடவை பார்த்துருவேன். 2019-ல 424 பேரை வச்சு விரலையும் லாக்டேட்டையும் ஒப்பிட்டுப் பார்த்தாங்க. விரலைப் பார்த்து வைத்தியம் பண்ணதுல ஒண்ணும் மோசமாகல.

குழாயை இறுக்குற நார்அட்ரினலின் (நார்அட்) மருந்தை ஏத்தி, சராசரி பிபி 65 வந்துருச்சுன்னு எல்லாரும் மூச்சு விடுவாங்க. அதுக்கப்புறம் எக்கோ எடுத்தா இ.எஃப் இறங்கியிருக்கும். வராந்தாவாசி தம்பி, உங்க அப்பாவுக்கு மூணாம் நாள்தான் 30-ன்னு தெரிஞ்சதுக்கு இதுகூட ஒரு காரணமா இருக்கலாம்.

#11 இரவுப்பணி

அக்கா சொன்ன கடைசி விஷயத்தை எங்கள் ஆட்களே மறந்துவிடுகிறார்கள். இ.எஃப் என்பது இதயத்தின் பலத்தை மட்டும் காட்டுகிற எண் இல்லை. எந்த எதிர்ப்புக்கு எதிராகத் தள்ளுகிறது என்பதும் அதில் கலந்திருக்கிறது. குழாய் தளர்ந்து கிடக்கும்போது 50 காட்டும், நார்அட் குழாயை இறுக்கியதும் 35 ஆகும். இதயம் அந்த ஒரு மணி நேரத்தில் கெட்டுப்போகவில்லை, கெட்டிருந்தது இப்போது வெளியே தெரிந்தது.

1984 முரண்பாட்டுக்கும் நான் இதைத்தான் சொல்வேன். இறந்த 7 பேருக்குக் குழாய்கள் மோசமாகத் தளர்ந்திருக்கலாம், அதனால் இ.எஃப் நன்றாகத் தெரிந்திருக்கலாம். இ.எஃப் குறைந்தால் பிழைப்பார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பின்னால் வந்த தொகுப்பாய்வுகளில் இ.எஃப்-க்கும் இறப்புக்கும் உறுதியான தொடர்பு கிடைக்கவில்லை. இதயம் தளர்ந்து விரிந்து ரத்தத்தை வாங்கிக்கொள்வதில் வருகிற கோளாறுக்குத்தான் இறப்போடு தொடர்பு தெரிகிறது.

#12 செல்லுக்குள்

பாதி ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பாதிக்கு என் வாதம்: இதயம் தன்னைக் காத்துக்கொள்ளத்தான் படுத்துக்கொள்கிறது.

2013-இல், செப்சிஸில் இறந்தவர்களின் இதயத்தை இறந்த கொஞ்ச நேரத்திலேயே எடுத்துப் பார்த்தார்கள். செத்த செல்கள் மிக மிகக் குறைவு. மைட்டோகாண்ட்ரியாவில் சேதம் இருந்தது, ஆனால் இதயம் அவ்வளவு தளர்ந்ததற்கு ஈடான சாவு அங்கே இல்லை. எரிபொருள் செய்கிற இயந்திரம் பழுதான நேரத்தில் முழு வேகத்தில் ஓடினால் செல் செத்துவிடும். அதனால் வேலையைக் குறைத்துக்கொண்டு உயிரைப் பிடித்துக்கொள்கிறது. வராந்தாவாசியின் அப்பாவுக்கு 55 திரும்பியது என்றால், அந்தச் செல்கள் இடைப்பட்ட நாட்களில் உயிரோடு இருந்ததால்தான்.

#13 குறுக்குக்கேள்வி

"காத்துக்கொள்ள" என்று சொல்வதற்கு என்ன ஆதாரம்? பழுதாகி நிற்பதற்கும் வேண்டுமென்றே நிற்பதற்கும் வெளியிலிருந்து என்ன வித்தியாசம்? என் மோட்டார் நின்றுபோனால், சுருள் கருகாமல் இருக்கிறது என்பதை வைத்து மோட்டார் புத்திசாலி என்று சொல்ல மாட்டேன். ஃபியூஸ் போயிருக்கும்.

#14 செல்லுக்குள்

ஃபியூஸ் என்பதே காப்பு ஏற்பாடுதானே ஐயா! 🙂

#15 குறுக்குக்கேள்வி

அந்த ஃபியூஸை யாரோ திட்டம் போட்டு வைத்தார்கள். இங்கே அப்படி யாரும் வைத்ததற்கு ஆதாரம் காட்டுங்கள் என்கிறேன். சரி, ஒரு புள்ளி உங்களுக்கு.

#16 மேல்படிப்பு

குறுக்கே வருகிறேன். டிஎன்எஃப்தான் குற்றவாளி என்றால் அதைத் தடுத்துவிடலாமே? மூட்டுவாதத்துக்கு வழக்கமாக அந்த மாதிரி மருந்து கொடுக்கிறோமே.

#17 இரவுப்பணி

செய்யாமல் விட்டிருப்பார்களா? தொண்ணூறுகள் முழுக்க அதுதான் நடந்தது. டிஎன்எஃப்பைப் பிடிக்கும் மருந்துகள், ஐஎல்-1-ஐத் தடுக்கும் மருந்து, எல்லாம் செப்சிஸில் தோற்றன. டிஎன்எஃப்பை உறிஞ்சும் ஒரு மருந்தை அதிக அளவில் கொடுத்தவர்களிடம் சாவு கூடியதாக 1996-இல் வந்தது. டிஎல்ஆர்4-ஐயே அடைக்கும் எரிடோரான் 2013-இல் பயனில்லை என்று ஆனது. ஐநாஸ் உட்பட நைட்ரிக் ஆக்சைடு நொதிகள் எல்லாவற்றையும் தடுக்கும் மருந்தை 797 பேரிடம் சோதித்தார்கள், முடிவு 2004-இல் வெளியானது. பிபி அழகாக ஏறியது. 28 நாளில் சாவு மருந்து வாங்கியவர்களில் 59 சதவீதம், வாங்காதவர்களில் 49. பாதியிலேயே நிறுத்தினார்கள்.

மானிட்டரில் எண் அழகாக வந்து ஆள் போய்விடுவது எங்கள் துறையில் புதிது இல்லை. அந்தச் சோதனையைப் படித்த நாளிலிருந்து, பிபியை மட்டும் பார்த்து எனக்கு நிம்மதி வருவதில்லை.

ஏன் தோற்றது? ஒன்று, நேரம். ஆரோக்கியமானவர்களுக்குச் சிறிதளவு எல்பிஎஸ் கொடுத்துப் பார்த்த சோதனைகளில் டிஎன்எஃப் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் உச்சம் தொட்டு இறங்கிவிடுகிறது. நம்மிடம் வரும் நோயாளிக்குக் காய்ச்சல் வந்தே ஒரு நாள் ஆகியிருக்கும். வெள்ளம் வடிந்த பிறகு அணை கட்டுகிறோம். இரண்டு, இந்தத் தாக்கீதுதான் கிருமியைக் கொல்லவும் ஆள் கூட்டுகிறது.

#18 செல்லுக்குள்

இரண்டாவதற்கு என்னிடம் ஒரு எலி இருக்கிறது. #7-இல் சொன்னேனே, எல்பிஎஸ்ஸுக்கு அசையாத வம்சம். வெறும் எல்பிஎஸ் ஊசி போட்டால் மற்ற எலிகள் சாகும், இது ஜம்மென்று திரியும். சரி, காது கேட்காதது பெரிய வரம் என்று நினைத்தீர்களா? அதே எலிக்கு உயிருள்ள சால்மொனெல்லாவைக் கொடுங்கள். மற்ற எலிகள் சமாளிக்கிற அளவுக்கே இது செத்துப்போகும். எச்சரிக்கை மணியால் வருகிற தலைவலி அதற்கு இல்லை, ஆனால் திருடன் வந்தது தெரியவே இல்லை.

#19 மேல்படிப்பு

இது தேர்வில் வராது, ஆனால் மறக்காது. அப்போ இதயத்துக்கு என்னதான் கொடுப்பது? இதயத்தை உசுப்பிச் சுருங்க வைக்கும் டோபுட்டமினா?

#20 ஐசியுஅக்கா

டோபுட்டமின் ஓடுற கட்டில்ல நின்னு பாரு தம்பி. கொஞ்சம் ஏத்தினதும் நாடி 140. சிலருக்கு உடனே தாளம் தப்பி ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வந்துரும். அவசியப்பட்ட பேஷண்ட்டுக்கு அது உயிரைக் காப்பாத்தும், பார்த்திருக்கேன். ஆனா எல்லாருக்கும் சும்மா மாட்டி விடற மருந்து இல்ல.

#21 இரவுப்பணி

அக்கா சொன்னதற்குப் பின்னால் உள்ள காரணம்: உடம்பு ஏற்கெனவே அட்ரினலினைக் கொட்டிக்கொண்டிருக்கிறது, நாமும் மேலே ஊற்றுகிறோம். ஓயாமல் கத்துவதைக் கேட்டுக்கேட்டு இதயத்தசைச் செல், அட்ரினலினைக் கேட்கும் தன் பீட்டா உணர்விகளை உள்ளே இழுத்துக்கொள்கிறது, இருப்பவையும் சரியாகச் செய்தி கடத்துவதில்லை. அதற்குப் பிறகு டோபுட்டமின் செவிடன் காதில் ஊதிய சங்குதான். அழற்சி ஒரு பக்கம், அட்ரினலின் நச்சு மறுபக்கம்.

வழிகாட்டியில் உள்ள இடம் இதுதான்: திரவம் கொடுத்து, நார்அட்டால் பிபி நின்ற பிறகும், இதயம் தளர்ந்து ரத்த ஓட்டம் போதாத அடையாளம் இருந்தால் டோபுட்டமின் சேர்க்கலாம், அல்லது அட்ரினலினுக்கு மாறலாம். இ.எஃப் 30 என்ற எண்ணுக்காக இல்லை. நோயாளி தெளிவாகப் பேசுகிறார், சிறுநீர் போகிறது, லாக்டேட் இறங்குகிறது, விரல் சிவக்கிறது என்றால் அந்த 30-ஐ நான் தொட மாட்டேன். இந்த விஷயத்தில் செல்லுக்குள் சொன்ன காப்பு வாதத்தை நம்பாவிட்டாலும், அதை நம்புகிறவன் மாதிரிதான் நடந்துகொள்கிறேன்.

அடித்து எழுப்பாமல், நேர்மாறாக வேகத்தைக் குறைத்துப் பார்த்தவர்களும் உண்டு. 2013-இல் ரோமில் ஒரே மருத்துவமனையில் 154 பேரிடம், பீட்டா உணர்விகளை அடைக்கும் எஸ்மோலால் என்ற மருந்து. 28 நாளில் சாவு 49.4 சதவீதம், மருந்து இல்லாதவர்களிடம் 80.5. எல்லோரும் துள்ளினோம். ஆனால் மருந்து இல்லாத பக்கத்தில் 80 சதவீதம் சாவு என்பதே கண்ணை உறுத்தியது. 2023-இல் பிரிட்டனில் 126 பேரிடம் அதே வகை மருந்தான லேண்டியோலாலை வைத்துப் பார்த்தபோது பலன் இல்லை, தீங்கு வரும் அறிகுறி தெரிந்து முன்கூட்டியே நிறுத்தினார்கள். கால்சியத்தைக் கூட்டாமல் தசையிழையின் உணர்வை மட்டும் கூட்டும் லெவோசிமென்டான் காகிதத்தில் இந்த நோய்க்கென்றே செய்தது மாதிரி இருக்கும். 2016-இல் 516 பேரிடம் அதுவும் கைகொடுக்கவில்லை.

கடைசியில் கையில் நிற்பவை பழைய விஷயங்கள்தான். ஷாக் என்றால் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக். தொற்றின் ஊற்றுக்கண்ணை அடைப்பது, சீழ் என்றால் வடிப்பது, சிறுநீர்க்குழாயில் கல் அடைத்திருந்தால் அதைத் திறந்துவிடுவது. சத்தம் நின்றால் இதயம் தானாக எழும்.

#22 மட்டுறுத்துநர்

இழை நன்றாகப் போகிறது. ஒரே வேண்டுகோள்: இரண்டு பேர் தங்கள் வீட்டு நோயாளிகளின் ரிப்போர்ட்டைப் படம் எடுத்துப் போட்டிருந்தார்கள், பெயர் தெரிந்ததால் நீக்கிவிட்டேன். தனிப்பட்ட சிகிச்சை ஆலோசனையை உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள்.

#23 வராந்தாவாசி

எல்லோருக்கும் நன்றி. ஒரு சிக்கல் மட்டும் பாக்கி. அப்பாவுக்கு டிஸ்சார்ஜ் சம்மரியில் "இதயச் செயலிழப்பு, இ.எஃப் 30" என்று எழுதியிருக்கிறார்கள். 55 ஆனதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அதைப் படித்த நாளிலிருந்து அப்பா மாடிப்படி ஏறுவதில்லை. "என்னை ஹார்ட் பேஷண்ட்டுன்னு எழுதிட்டான்" என்கிறார். இவர் ஆயுசுக்கும் இதய நோயாளியா?

#24 இரவுப்பணி

அந்த ஒரு வரியை விட்டது தப்பு. உங்களிடம் நோய்க்கு முந்தைய 60 இருக்கிறது, பிந்தைய 55 இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஷாக். இது செப்சிஸால் வந்து போன தளர்ச்சி என்று சொல்ல இவ்வளவு தெளிவான ஆதாரம் எல்லோருக்கும் கிடைப்பதில்லை, பெரும்பாலானவர்களுக்குப் பழைய எக்கோவே இருக்காது.

அதற்காக மறந்துவிடவும் வேண்டாம். செப்சிஸிலிருந்து பிழைத்தவர்களுக்கு அடுத்து வரும் காலத்தில் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றின் ஆபத்து மற்றவர்களைவிடக் கூடுதல் என்று பெரிய ஆய்வுகளில் தெரிகிறது. அதனால் ஒரு இதய மருத்துவரிடம் காட்டி, இன்னொரு எக்கோ எப்போது எடுக்கலாம் என்று கேளுங்கள். பிபி, சர்க்கரை, கொழுப்பைக் கவனியுங்கள். மாடிப்படியையும் அவரிடமே கேளுங்கள்.

#25 ஐசியுஅக்கா

தம்பி, சம்மரியை மாத்திக் கேக்கலாம், வெக்கப்படாதீங்க. மூணு எக்கோ தாளையும் தேதி வரிசையில அடுக்கிக் கொண்டு போங்க. "செப்சிஸால் ஏற்பட்டது, பன்னிரண்டாம் நாள் இ.எஃப் 55"-ன்னு ஒரு வரி சேர்த்து கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்க. காலைல ரவுண்ட்ஸ் நேரத்துல போகாதீங்க, மதியத்துக்கு மேல போங்க. நாளைக்கு வேற எங்கயாவது ஆபரேஷன்னு போனா முதல்ல அந்தத் தாளைத்தான் கேப்பாங்க.

#26 வராந்தாவாசி

வியாழக்கிழமை மதியம் போகிறேன் அக்கா. மூன்றையும் அடுக்கிப் பையில் வைத்துவிட்டேன். எதற்கு அடுக்குகிறாய் என்று அப்பா கேட்டார். #5-இல் இருக்கிற எலிக்குட்டிச் செல் கதையைப் படித்துக் காட்டினேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "அந்தச் செல்லு அப்புறம் நல்லா துடிச்சுதா?" என்றார். செல்லுக்குள் சார், என்ன சொல்லட்டும்?

#27 செல்லுக்குள்

குணமான பிறகு எடுத்த சீரத்தில் செல்கள் சாதாரணமாகத்தான் துடித்தன என்று சொல்லுங்கள். அது 1985-லேயே பார்த்தாகிவிட்டது.